புளிப்பைப் பிடியுங்கள்: பிலிப்பைன்ஸ் சாப்பாட்டையும் தெருத்தீனியையும் ருசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மணிலாவுக்குப் போய்வந்த நம் ஆட்களிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "உப்பு இருக்கு, இனிப்பு இருக்கு, காரமே இல்ல." போன முதல் வாரம் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வேலை செய்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. பொரித்த மீனும் சோறும் வாங்கி அப்படியே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைக்கார அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் எழுந்து வந்து ஒரு குட்டித் தட்டை என் பக்கம் வைத்தார். அதில் வினிகர், நசுக்கிய பூண்டு, கிள்ளிப்போட்ட குட்டி மிளகாய், இரண்டு கல் உப்பு. மீனைத் தொட்டுச் சாப்பிடச் சொல்லிக் கையால் காட்டினார். தொட்டுச் சாப்பிட்டேன். மீன் அதேதான், ஆனால் சாப்பாடு வேறாகிவிட்டது.

அந்தக் குட்டித் தட்டுதான் இந்த வழிகாட்டியின் மையம். பிலிப்பைன்ஸில் சமைக்கிறவர் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு மீதியைச் சாப்பிடுகிறவர் கையில் கொடுக்கிறார். புளிப்பையும் காரத்தையும் உப்பையும் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் வேலை. இது தெரியாமல் போகிறவர்களுக்குத்தான் அந்தச் சாப்பாடு சப்பென்று இருக்கிறது. தாவாவ் பக்கம் மருத்துவம் படிக்கப் போகும் நம் பிள்ளைகளும், வேலைக்கும் சுற்றுலாவுக்கும் போகிறவர்களும் இந்த வரிசையில் போனால் முதல் வாரத்திலேயே நாக்கு பழகிவிடும்.

படி 1: சோற்றுச் சொற்களில் தொடங்குங்கள்

நமக்கு இது சுலபம். வயலில் விளைந்தது பாலாய், குத்தித் தீட்டியது பிகாஸ், வெந்தது கானின். நெல், அரிசி, சோறு என்று நாம் பிரிப்பதை அப்படியே அவர்களும் பிரிக்கிறார்கள். மிஞ்சிய பழையதுக்குப் பஹாவ் என்று பெயர். சட்டியின் அடியில் பிடித்த காந்தல் துத்தோங். பஹாவைப் பூண்டு வறுத்த எண்ணெயில் போட்டு உதிரியாகப் பிரட்டினால் சினாங்காக், அதாவது பூண்டுச் சோறு. அதுதான் அவர்களின் காலை உணவு.

சோற்றுக்குத் துணையாக வருவது எதுவானாலும் உலாம். தென் மாவட்டங்களில் வெஞ்சனம் என்கிறோமே, அதே பொருள்தான். காலைக் கடைகளில் தாப்சிலோக், தோசிலோக், லோங்சிலோக் என்று பலகை தொங்கும். பார்த்துக் குழம்ப வேண்டாம். சினாங்காக்கின் முதல் எழுத்தையும் முட்டையைக் குறிக்கும் இட்லோக்கின் கடைசி எழுத்துகளையும் சேர்த்தால் சிலோக். அதன் முன்னால் நிற்பது இறைச்சி: தாப்பா என்றால் ஊறவைத்த மாட்டிறைச்சி, தோசினோ என்றால் இனிப்பாகப் பதப்படுத்திய பன்றி இறைச்சி, லோங்கனிசா என்றால் அவர்கள் ஊர் சாசேஜ்.

இரண்டு உறவுச் சொற்களும் வேண்டும். கடைக்காரரைக் குயா என்று கூப்பிடுங்கள், அண்ணன் என்று பொருள். பெண்ணாக இருந்தால் ஆத்தே, அக்கா. பேச்சின் நடுவில் 'போ' என்று சேர்த்தால் மரியாதை. "மக்கானோ போ?" என்றால் "எவ்வளவுங்க?" தெரிந்தவர்களைப் பார்த்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி "குமாயின் கா நா?" என்பதுதான். "சாப்பிட்டாயா?" என்கிறார்கள். இதைக் கேட்டுப் பழகிய நமக்கு அங்கே அந்நியம் பாதி கரைந்துவிடும்.

படி 2: வினிகரையும் தொட்டுக்கொள்வதையும் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

வினிகருக்கு அங்கே சுகா என்று பெயர். நம் ஊரில் கண்ணாடி போல் வெளுத்து, மூக்கைக் குத்தும் செயற்கை வினிகரை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டாம். தென்னை மரத்தில் இறக்கும் கள்ளை அங்கே துபா என்பார்கள். இறக்கிய புதிதில் இனிக்கும், வைத்தால் போதை ஏறும், இன்னும் விட்டுவிட்டால் புளித்து வினிகராகிவிடும். இலங்கைத் தமிழர்கள் தென்னை வினாகிரி என்று பயன்படுத்துவதும் இதே வழியில் வருவதுதான். புலக்கான் மாகாணத்தின் பவோம்போங் ஊர், சதுப்பு நிலத்தில் வளரும் நிப்பா பனையின் சாற்று வினிகருக்குப் பெயர் பெற்றது. வடக்கே இலோக்கோஸ் பகுதியில் கரும்புச் சாற்றிலிருந்து எடுக்கிறார்கள், நிறம் கொஞ்சம் கருத்திருக்கும். இலோயிலோ பக்கம் போனால் மேசை மேல் ஒரு புட்டி நிற்கும்: வினிகருக்குள் பூண்டு, மிளகாய், மிளகு, அரத்தை எல்லாம் ஊறிக் கிடக்கும். அதற்குச் சினாமாக் என்று பெயர். ஒரு புட்டி வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுங்கள், பிறகு தேடுவீர்கள்.

வினிகருக்கு ஏன் இவ்வளவு இடம்? 7,000-க்கும் மேற்பட்ட தீவுகள், வருடம் முழுக்கப் புழுக்கம், பிடித்த மீனும் அறுத்த இறைச்சியும் சீக்கிரம் கெடும் வெப்பம். ஐஸ் இல்லாத காலத்தில் உப்பும் புளிப்பும்தான் காப்பாற்றின. பச்சை மீனை வினிகரிலும் இஞ்சியிலும் ஊறவைத்து அடுப்பே இல்லாமல் சாப்பிடும் கினிலாவ், வினிகரிலேயே இறைச்சியை வேகவைக்கும் அடோபோ, இரண்டும் அந்தத் தேவையிலிருந்து பிறந்தவை.

தொட்டுக்கொள்ளும் கலவைக்குப் பொதுப்பெயர் சவ்சாவன். எதற்கு எது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பொரித்ததற்கும் சுட்ட குடலுக்கும் பூண்டும் மிளகாயும் போட்ட வினிகர். தணலில் சுட்ட இறைச்சிக்குச் சோயா சாஸும் கலமான்சியும். சூப்பில் கிடக்கும் மீன் துண்டுக்குப் பாட்டிஸ் என்ற மீன் சாறு. மாங்காய்க்கும் கடலைக் குழம்புக்கும் பகூங்.

கலமான்சி என்பது கோலிக்குண்டு அளவு எலுமிச்சை. மலேசியத் தமிழர்களுக்கு இது கஸ்தூரி எலுமிச்சையாகத் தெரியும். எலுமிச்சையின் புளிப்பும் ஆரஞ்சின் வாசனையும் கலந்திருக்கும். பகூங் விஷயத்தில் மட்டும் நிதானமாகப் போங்கள். சென்னாக்குன்னியை உப்பில் போட்டுப் பல வாரம் நொதிக்கவிட்டது அது. தனியாக மோந்தால் கருவாட்டுக் கிடங்கு. ஒரு கடலை அளவு எடுத்துப் பச்சை மாங்காய்க் கீற்றில் தடவிச் சாப்பிட்டால், ஏன் தெருவுக்குத் தெரு இதை விற்கிறார்கள் என்று புரியும். மாங்காய்க்கு அவர்கள் சொல்லும் மங்கா என்ற சொல்லே நம் மாங்காய் மலாய் வழியாகப் போய்ச் சேர்ந்ததுதான்.

படி 3: துரோ-துரோ கடையில் முதல் சாப்பாடு

துரோ என்றால் விரலால் சுட்டுவது. பெரிய பாத்திரங்களில் பத்துப் பதினைந்து உலாம் வரிசையாக இருக்கும். மூடியைத் திறந்து பார்த்து, வேண்டியதைச் சுட்டினால் தட்டில் போட்டுத் தருவார்கள். இப்படிப்பட்ட கடைக்குக் காரிந்தேரியா என்று பெயர். மெனு அட்டையோ மொழிச் சிக்கலோ கிடையாது. மதியம் 11 மணிக்கும் 12 மணிக்கும் நடுவில் போங்கள், எல்லாம் சூடாக இருக்கும். பல கடைகளில் ஒரு கிண்ணம் சூப் காசில்லாமல் வரும். வலது கையில் கரண்டி, இடது கையில் முள்கரண்டி என்பதுதான் வழக்கம். ஆனால் கையால் சாப்பிட்டாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். காமாயான் என்று அதற்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள்.

பன்றி சாப்பிடாதவர்கள் "வலாங் பாபோய்" என்று சொல்லப் பழகுங்கள், "பன்றி இல்லாமல்" என்று பொருள். மாட்டிறைச்சிக்கு பாக்கா, மீனுக்கு இஸ்தா. சைவர்களுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன்: கஷ்டம்தான். காய்கறிக் கூட்டு போலத் தெரிவதில் பகூங் இருக்கும், பாசிப்பயறு வேகவைத்த மொங்கோவில் கருவாடோ பன்றித் தோலோ கிடக்கும். "வலாங் கார்னே, வலாங் இஸ்தா, வலாங் பகூங்" என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் வேலைக்காகும். சுட்ட கத்தரிக்காயை முட்டையில் தோய்த்துப் பொரிக்கும் தோர்த்தாங் தாலோங் முட்டை சாப்பிடும் சைவர்களுக்கு நல்ல புகலிடம்.

படி 4: இந்த நான்கு உணவையும் தெரிந்துகொள்ளுங்கள்

*அடோபோ.* வினிகர், சோயா சாஸ், பூண்டு, மிளகு, லாரல் இலை. இவ்வளவுதான். பெயர் ஸ்பானிய மொழியிலிருந்து வந்ததால் உணவும் அங்கிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே இந்த மக்கள் இறைச்சியை வினிகரில் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். 1613-ல் வெளிவந்த தகலோக் மொழி அகராதியில் இதை "இந்நாட்டவரின் அடோபோ" என்றே குறித்தார்கள். சோயா சாஸ் சீன வணிகர்களின் வழியாகப் பின்னால் சேர்ந்தது. அது இல்லாத வெள்ளை அடோபோ, மஞ்சள் போட்ட படாங்காஸ் அடோபோ, தேங்காய்ப் பால் விட்ட பிகோல் அடோபோ என்று வீட்டுக்கு வீடு மாறும். எது சரியான அடோபோ என்று கேட்டால் "எங்கம்மா செய்வது" என்ற பதில்தான் கிடைக்கும்.

*சினிகாங்.* நம் நாக்குக்கு முதல் நாளே பிடிப்பது இதுதான். பச்சைப் புளியங்காயை வேகவைத்து மசித்து வடிகட்டிய சாற்றில் பன்றி, இறால் அல்லது பால்கெண்டை மீன், கூடவே தக்காளி, முள்ளங்கி, பயத்தங்காய், வெண்டைக்காய், கடைசியில் வள்ளைக்கீரை. பல வீடுகளில் அரிசி கழுவிய தண்ணீரில்தான் கொதிக்கவிடுவார்கள், சாறு லேசாகக் கெட்டிப்படும். ரசத்தை நினைவுபடுத்தும், ஆனால் தாளிப்போ பொடியோ கிடையாது. புளிப்பு வெறும் உடம்போடு வந்து நிற்கும். புளியங்காய்க்குப் பதில் பிலிம்பிக்காய், பழுத்த கொய்யா, மாங்காய் எனப் பருவத்துக்கு ஏற்பவும் போடுவார்கள். மேற்கு விசாயாஸ் தீவுகளில் பத்துவான் என்ற காயைப் போடுகிறார்கள். அது நம் குடம்புளியின் நெருங்கிய உறவு. மழை நாளில் ஒரு கிண்ணம் சினிகாங்கும் சூடான சோறும் கிடைத்துவிட்டால் வேறு எதுவும் கேட்கத் தோன்றாது.

*காரே-காரே.* மாட்டு வால், வாழைப்பூ, கத்தரிக்காய், நீளப் பயற்றங்காய் எல்லாவற்றையும் நிலக்கடலை அரைத்த கெட்டிக் குழம்பில் போடுகிறார்கள். குழம்பில் உப்பு குறைவு. பக்கத்தில் பகூங் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துச் சாப்பிட வேண்டும். பெயரில் 'கறி' கேட்கிறதே என்று தோன்றினால், அதற்கு ஒரு கதை உண்டு. 1762-ல் சென்னைப்பட்டினத்திலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் கப்பல்கள் மணிலாவைப் பிடித்தன. அந்தப் படையில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள். 1764-ல் பிரிட்டிஷார் திரும்பியபோது அவர்களில் பலர் திரும்பாமல் மணிலாவுக்குக் கிழக்கே கயிந்தா ஊரில் குடும்பமாகத் தங்கிவிட்டார்கள். ஊர் நினைவில் கறி வைக்கப் போய், கையில் கிடைத்த கடலையைக் கொண்டு அவர்கள் செய்ததுதான் காரே-காரே என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். பம்பாங்கா மாகாணத்தார் இது எங்கள் ஊர்ச் சமையல் என்கிறார்கள். கதை எப்படியோ, சிப்பாய்கள் அங்கே தங்கியது வரலாறு. இருநூற்றறுபது வருடத்துக்கு முன் நம் கடற்கரையிலிருந்து போன ஒருவன் திரும்பி வராமல் அங்கே அடுப்பு மூட்டியிருக்கிறான் என்று நினைத்தாலே அந்தக் கிண்ணம் எனக்கு வேறாகத் தெரிகிறது.

*சிசிக்.* பன்றியின் கன்னத்தையும் காதையும் வேகவைத்து, தணலில் சுட்டு, பொடியாக நறுக்கி, வெங்காயம், மிளகாய், கலமான்சியோடு சூட்டுத் தட்டில் சுரீரென்று கொண்டுவருவார்கள். 1732-ல் வந்த கபம்பாங்கான் (பம்பாங்கா மாகாணத்து மொழி) அகராதியில் சிசிக் என்ற சொல் இருக்கிறது, ஆனால் அப்போது அது காயோடு வினிகர் சேர்த்த புளிப்புக் கலவை. இன்றைய வடிவத்துக்கு 1970-களில் ஏஞ்சலஸ் நகரில் ரயில்பாதை ஓரம் கடை வைத்திருந்த லூசியா குனானானைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். ஆலிங் லூசிங் என்று ஊரே அழைத்த பெண்மணி. பக்கத்திலிருந்த அமெரிக்க விமானப் படைத்தளத்தில் வேண்டாமென்று ஒதுக்கிய பன்றித் தலைகள் மலிவாகக் கிடைத்த காலம் அது. மயோனைஸ் போட்ட சிசிக்கைப் பம்பாங்காக்காரர் முன்னால் புகழ வேண்டாம்.

படி 5: தெருவில் நேரம் பார்த்துச் சாப்பிடுங்கள்

தெருத்தீனிக்கு அங்கே கடிகாரம் உண்டு. நேரம் தவறினால் தேடினாலும் கிடைக்காது, கிடைத்தாலும் ஆறியிருக்கும்.

விடிகாலை, தாஹோ. ஆறு, ஆறரை மணிக்குத் தெருமுனையில் "தாஹோ...ஓ" என்று நீட்டி ஒரு குரல் வரும். தோளில் காவடி போல் கம்பு, இரு முனையிலும் அலுமினிய வாளி. பெரியதில் சுடச்சுட சோயாப் பால் தயிர், பால்கட்டிபோல் ஆடிக்கொண்டிருக்கும். சிறியதில் வெல்லப் பாகும் ஜவ்வரிசியும். கொஞ்சம் பக்கத்தில் நின்று அவர் கையைப் பாருங்கள். தட்டையான கரண்டியால் முதலில் மேலே நிற்கும் தண்ணீரைச் சீவி ஒதுக்குவார். அப்புறம் தயிரைக் காகிதம் மாதிரி மெல்லிய ஏடுகளாக வெட்டி எடுத்துக் கோப்பையில் அடுக்குவார், ஒரு ஏடும் உடையாது. மேலே பாகு, அதன் மேல் ஜவ்வரிசி. கலக்காமல் அப்படியே உறிஞ்சுங்கள். சோயா தானே என்று ஒதுங்கும் சைவர்கள் இதை விடக்கூடாது. முழுச் சைவமான, வயிற்றுக்கு இதமான தெரு உணவு இது.

மாலை மூன்று, நான்கு மணி, மெரியெண்டா, அதாவது சிற்றுண்டி நேரம். மொந்தன் போன்ற சபா வாழைப்பழத்தை நாட்டுச் சர்க்கரை உருகிய எண்ணெயில் புரட்டிக் குச்சியில் குத்தினால் பனானா கியூ. அதையே பலாச்சுளைத் துண்டோடு மெல்லிய மாவுத்தாளில் சுருட்டிப் பொரித்தால் துரோன். சர்க்கரைப் பூச்சு பளபளவென்று இருக்கும்போதே கடிக்க வேண்டும், ஆனால் உருகிய சர்க்கரை நாக்கைச் சுடும், ஒரு நிமிடம் பொறுங்கள்.

பள்ளிக்கூட வாசலில் மீன் உருண்டை வண்டி நிற்கும். உருண்டை என்று பெயர், வடிவம் தட்டை. கொதிக்கும் எண்ணெயில் மிதந்து உப்பும். மூங்கில் குச்சியை நீங்களே எடுத்து, வேண்டியதைக் குத்தி எடுத்து, மூன்று ஜாடிகளில் ஒன்றில் முக்க வேண்டும்: இனிப்பு, காரம், வெங்காயம் போட்ட வினிகர். எத்தனை குத்தினீர்கள் என்பதைக் கடைசியில் நீங்கள்தான் சொல்ல வேண்டும், கடைக்காரர் நம்புவார். கடித்த குச்சியைத் திரும்ப ஜாடிக்குள் விடக் கூடாது. பக்கத்திலேயே ஆரஞ்சு நிறத்தில் மின்னுவது க்வெக்-க்வெக், வேகவைத்த காடை முட்டையை நிற மாவில் தோய்த்துப் பொரித்தது. அதற்கு வினிகர் மட்டுமே பொருத்தம்.

அந்தி, தணல் அடுப்பு. இசாவ் என்றால் கோழியின் அல்லது பன்றியின் குடல். நன்றாகக் கழுவி, வேகவைத்து, குச்சியில் வளைத்து வளைத்துக் குத்தி, தணலில் பூச்சு தடவிச் சுடுகிறார்கள். குடல் கறி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் தயக்கமே வராது. மற்றதற்கெல்லாம் அவர்கள் வைத்த பெயர்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. கோழிக்கால் அடிடாஸ், கோழித் தலை ஹெல்மெட், பன்றிக் காது வாக்மேன், சதுரமாக வெட்டிய உறைந்த ரத்தம் பீட்டாமேக்ஸ், பழைய வீடியோ கேசட் போல இருப்பதால். கூலி குறைந்த குடும்பங்கள் இறைச்சிக்குப் பணம் போதாமல் எடுத்த பாகங்கள் இவை. இன்று டிலிமானில் இருக்கும் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் இசாவ் வண்டியைச் சுற்றி மாணவரும் பேராசிரியரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

எந்த வண்டியில் சாப்பிடலாம்? கூட்டம் உள்ள வண்டி, உங்கள் கண் முன்னால் மறுபடி சுட்டுத் தரும் வண்டி, பச்சையாக வெளிறிய குடல் இல்லாமல் முன்பே வேகவைத்தது குச்சியில் இருக்கும் வண்டி. மூன்றும் இருந்தால் கவலையில்லை. அங்கே இருந்த காலத்தில் எனக்கு வயிறு கெட்டது ஒரே முறை, அதுவும் தணலில் சுட்டதால் அல்ல, ஐஸ் போட்ட ஒரு கிளாஸ் சர்க்கரைப் பானத்தால். சூடானதை நம்புங்கள், ஐஸைப் பற்றி விசாரியுங்கள்.

இரவு, பலுட். இதைச் சவாலாக நினைத்து வீடியோ எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். இரவு வேலை முடித்துப் போகிறவர் சூட்டுக்கும் தெம்புக்கும் வாங்கிச் சாப்பிடும் சாதாரண உணவு அது. வாத்து முட்டையைச் சுமார் 14 முதல் 18 நாள் வரை அடைவைத்து வேகவைக்கிறார்கள், உள்ளே குஞ்சு உருவாகத் தொடங்கியிருக்கும். மணிலாவுக்குப் பக்கத்திலுள்ள பத்தேரோஸ் இதற்குப் பேர்போன ஊர். சாப்பிடும் முறை இது: அகன்ற முனையைத் தட்டிச் சின்னதாக ஓட்டை போடுங்கள். ஒரு சிட்டிகை உப்போ இரண்டு துளி வினிகரோ விட்டு, முதலில் உள்ளிருக்கும் சாற்றை உறிஞ்சுங்கள். கோழிச் சாறு மாதிரி ஆழமான ருசி. அப்புறம் ஓட்டை உரித்து மஞ்சள் கருவையும் குஞ்சையும் சாப்பிடுங்கள். கல் போல் இறுகிய வெள்ளைப் பாகத்தைப் பலர் போட்டுவிடுவார்கள். முதல் முறை தயக்கமாக இருந்தால் பெனோய் கேளுங்கள், அதில் குஞ்சு இருக்காது. வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம், ஆனால் சாப்பிடுகிறவர் பக்கத்தில் நின்று மூக்கைப் பிடிக்காதீர்கள்.

படி 6: மணிலாவை விட்டு வெளியே போங்கள்

செபுவில் லெச்சோன். முழுப் பன்றியின் வயிற்றில் எலுமிச்சைப் புல்லும் வெங்காயத் தாளும் பூண்டும் அடைத்துத் தணல் மேல் சுழற்றுவார்கள். உள்ளேயே உப்பும் வாசமும் ஏறிவிடுவதால் செபுக்காரர்களுக்குக் குழம்பு தேவையில்லை. மணிலாவில் ஈரல் குழம்பு தொட்டுக்கொள்வார்கள். பாக்கோலோதில் கோழி இனாசால்: கலமான்சி, வினிகர், எலுமிச்சைப் புல்லில் ஊறி, செந்நிற அட்சுவெட்டே விதை எண்ணெய் தடவிச் சுட்டது. அந்த எண்ணெயைச் சோற்றிலும் ஊற்றிக்கொள்ளுங்கள். பக்கத்துத் தீவில் இலோயிலோ, 2023-ல் யுனெஸ்கோவின் உணவுக் கலை நகரங்கள் பட்டியலில் சேர்ந்தது. அங்கே லா பாஸ் சந்தையில் பட்சோய் என்ற நூடுல்ஸ் சூப்.

காரம் இல்லை என்று புலம்புகிறவர்கள் பிகோலுக்கு வண்டி ஏறுங்கள். தேங்காய்ப் பாலும் மிளகாயும்தான் அங்கே சமையல். சேப்பங்கிழங்கு இலையைத் தேங்காய்ப் பாலில் கெட்டியாக வற்றவைத்த லாயிங்கை ஒரு வாய் சாப்பிட்டதும் நீங்களே அமைதியாகிவிடுவீர்கள்.

மின்டனாவோவின் முஸ்லிம் பகுதிகள் தனி உலகம், பன்றி இல்லாத சமையல். மரனாவ் மக்களின் பியாபரானில் மஞ்சளும் தேங்காயும் மிளகாயும் சேரும். தௌசுக் மக்கள் தேங்காயைக் கரியாகச் சுட்டு அரைத்து, கறுப்பு நிறத்தில் தியூலா இதும் என்ற சூப் வைக்கிறார்கள். வாழையிலையில் சோற்றை வைத்து மேலே உதிர்த்த கோழிக்கறி தூவிச் சுருட்டிய பாஸ்தில், பயணத்துக்கு ஏற்ற பொட்டலம். நம்மவர்களுக்கு வீட்டு ஞாபகம் அதிகம் வரும் சாப்பாடு இந்தப் பக்கம்தான் என்பது என் எண்ணம்.

வெயில் தாங்கவில்லையென்றால் எந்த ஊரிலும் ஹாலோ-ஹாலோ உண்டு: சீவிய ஐஸ், பால், இனிப்புப் பயறு, வாழைப்பழம், மேலே ஊதா நிறத்தில் ஊபே. யாழ்ப்பாணத்துக்காரர்கள் அந்த நிறத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஊபே நம் ராசவள்ளிக்கிழங்கேதான்.

படி 7: முடிந்தால் டிசம்பரில் போங்கள்

டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாளும் விடியுமுன் தேவாலயத்தில் பூசை. சிம்பாங் கபி என்று பெயர். பூசை முடிந்து வெளியே வந்தால் வாசலில் ஆவி பறக்கும். மண்சட்டியில் வாழையிலை விரித்து, மாவை ஊற்றி, மேலும் கீழும் தணல் வைத்துச் சுடும் பிபிங்கா. அதன் பக்கத்தில் ஒரு பானை, அதன் தலையில் சின்னச் சின்ன மூங்கில் குழல்கள், அவற்றுக்குள் ஊதா நிறத்தில் அரிசி மாவு. ஆவி ஏறியதும் குழலைத் தட்டி வாழையிலையில் கவிழ்ப்பார்கள். மேலே வெண்ணெய், துருவிய தேங்காய், கரும்புச் சர்க்கரை.

புத்தோ பும்போங். அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். பும்போங் என்றால் மூங்கில் குழல். புத்தோ என்ற சொல் நம் புட்டு மலாய் வழியாகப் போனது என்ற கருத்து உண்டு. குழலைத் தட்டும் அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு அதில் சந்தேகம் வரவில்லை. நாம் செய்வதைவிட இது பிசுபிசுப்பாக இருக்கும், ஒட்டும் அரிசி சேர்ப்பதால்.

படி 8: வீட்டில் ஒரு அடோபோ

ஊருக்குப் போக முடியாதவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம். கோழித் தொடையும் காலும் 1 கிலோ, சோயா சாஸ் கால் கப், வினிகர் அரை கப், ஒரு முழுப் பூண்டு, முழு மிளகு 1 தேக்கரண்டி, லாரல் இலை 3, தண்ணீர் 1 கப். தேங்காய் வினிகரோ கரும்பு வினிகரோ வாங்குங்கள். பிரியாணிக்குப் போடும் இலை வேறு மரத்தது, பட்டை வாசம் வந்துவிடும். லாரல் கிடைக்காவிட்டால் இலையே வேண்டாம். அலுமினியப் பாத்திரத்தைத் தவிருங்கள், புளிப்பு அதை அரிக்கும். மண்சட்டி இருந்தால் அதைவிட நல்லது கிடையாது.

கோழியைச் சோயா சாஸிலும் பாதிப் பூண்டிலும் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். மீதிப் பூண்டை எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, கோழியைத் தோல் பக்கம் படும்படி வைத்துச் சிவக்கவிடுங்கள். ஊறிய சாறு, தண்ணீர், மிளகு, இலை சேர்த்துக் கொதி வந்ததும் வினிகரை ஊற்றுங்கள். இப்போது கவனம்: கிளறாதீர்கள், மூடாதீர்கள். ஐந்தாறு நிமிடம் திறந்தபடியே கொதிக்கட்டும், மூக்கைக் குத்தும் நெடி ஆவியோடு போகட்டும். நெடி அடங்கியதும் தீயைக் குறைத்து 25 நிமிடம் விடுங்கள். கோழியை எடுத்து வைத்துவிட்டுச் சாற்றைப் பளபளப்பாகும்வரை சுண்டவைத்து, மறுபடி கோழியைப் புரட்டுங்கள். உப்பைக் கடைசியில் பாருங்கள், சோயா சாஸிலேயே போதுமானது இருக்கும்.

அன்றைக்கே எல்லாவற்றையும் சாப்பிட்டுவிடாதீர்கள். ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் காலை எடுத்துச் சட்டியில் போட்டால் புளிப்பும் உப்பும் எலும்புவரை இறங்கியிருக்கும். மேலே திரண்டிருக்கும் கொழுப்பை வழித்து இன்னொரு சட்டியில் விட்டு, நசுக்கிய பூண்டை அதில் வறுத்து, முந்தின நாள் சோற்றை உதிர்த்துப் போட்டுப் பிரட்டுங்கள். பக்கத்தில் ஒரு முட்டை. ஒரு குட்டித் தட்டில் வினிகரும் கிள்ளிய மிளகாயும்.